வலைக்கண்ணும் சுருள் நூலும்

இராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு கம்பளிக் குல்லா பின்னுகிறேன் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, அந்த வெயிலில் அதை யார் போடுவார்கள் என்பதைத்தான். மார்கழியிலும் தையிலும் இரவு இரண்டு மணிக்கு நாட்டுப்படகில் வடகடலுக்குப் போகிற என் சித்தப்பாவைக் கேட்டால் அவர்களுக்குப் பதில் கிடைக்கும். வெப்பமானியின் கணக்குப்படி அந்த நேரத்தில் எங்கள் பக்கம் குளிரே இல்லை. ஆனால் அலைத்தூறலில் நனைந்த தலையின் மேல் வாடைக்காற்று விடியும் வரை வீசிக்கொண்டிருந்தால், காதுக்குள் ஊசி குத்துவது போன்ற வலி இரண்டு நாளைக்குப் போகாது. அவர் முப்பது ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டு போனது ஒரு துண்டு. அதற்குப் பிறகு கடையில் வாங்கிய மங்கி குல்லா. நான்கு ஆண்டுகளாக நான் பின்னிக் கொடுக்கும் குல்லா.

குரோஷா எனப்படும் கொக்கி ஊசிப் பின்னலை நான் கற்றது கீழக்கரையில், பள்ளித்தோழி ஒருத்தியின் உம்மாவிடம். அவர் மெர்சரைஸ்டு என்னும் பளபளப்பேற்றிய பருத்தி நூலில், ஒன்றேகால் மில்லிமீட்டர் ஊசியில், தொழுகைக்கு அணியும் வெள்ளைத் தொப்பிகளைப் பின்னிக்கொண்டிருந்தார். வழுவழுப்பான அந்த நூலில் ஒவ்வொரு கண்ணியும், அதாவது ஊசி போடும் ஒவ்வொரு பின்னலும், தனித்தனியாகத் தெரியும். எட்டாவது சுற்றில் ஒரு கண்ணியை விட்டுவிட்டால் பன்னிரண்டாவது சுற்றில் பூ கோணிக்கொண்டு நின்று நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். அவரிடம் கற்றதால் எனக்குக் கண் பழகியது. பின்னுவது என்பதே பார்த்துச் செய்யும் வேலை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். குல்லா என்ற சொல் பாரசீகத்தின் குலாஹ் என்பதிலிருந்து வந்தது என்று பிற்பாடு படித்தபோது, கடல்வழி வணிகத்தில் பெயர்பெற்ற கீழக்கரையில், அந்த உம்மாவின் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பின்னக் கற்றது பொருத்தமாகத்தான் பட்டது.

அந்த நம்பிக்கையைக் குலைத்தது பூக்லே என்னும் சுருள் நூல். வெளிநாட்டில் இருக்கும் என் மைத்துனி, விடுமுறைக்கு வந்தபோது நான்கு உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள். சாம்பல் நிறம், கம்பளி கலந்தது, தொட்டால் செம்மறிக் குட்டியின் முதுகைத் தடவுவது போல இருந்தது. இந்த நூலின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அது ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது விளங்கும். அதற்குள் மூன்று இழைகள் இருக்கின்றன. நடுவில் ஒரு மைய இழை நேராகப் போகிறது. அதன்மேல் இரண்டாவது இழையை மையத்தைவிட வேகமாகத் தள்ளிக்கொண்டே முறுக்குவதால், மிஞ்சிய நீளம் எல்லாம் சுருண்டு வளையங்களாக வெளியே நிற்கிறது. அந்த வளையங்கள் நழுவாதபடி, மெல்லிய மூன்றாவது இழை எதிர்த்திசையில் சுற்றிக் கட்டுகிறது. பூக்லே என்பது சுருள் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல். சுருளின் அழகுக்காகத்தான் அதை வாங்குகிறோம். ஆனால் ஊசியின் கொக்கிக்கு, நூல் எது, நூலின் மேல் நிற்கும் வளையம் எது என்று பிரித்தறியத் தெரியாது. கண்ணி என்று நினைத்து நான் ஊசியை நுழைத்த இடத்தில் பாதி நேரம் வெறும் சுருள்தான் இருந்தது.

கீழக்கரையில் கற்ற முறையிலேயே, கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழைகளுக்கு அடியில் ஊசியை விட்டு, நெருக்கமான, குட்டைக் கண்ணியாகிய சிங்கிள் குரோஷாவில் தொடங்கினேன். இரண்டாவது சுற்றிலேயே இழைகள் தெரியாமல் போயின. விளக்கை நெருக்கி வைத்தும், கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. 18 இருக்க வேண்டிய சுற்றில் ஒரு முறை எண்ணினால் 16, மறுமுறை எண்ணினால் 21. பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம் என்றால், சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. சாதாரண உல்லன் நூலில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தொப்பியும் சரசரவென்று நூலாகிவிடும். இங்கே ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு சிக்கல். மூன்றாம் முறை பிரித்தபோது கட்டும் இழை அறுந்து, சுருள்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு முழ நீளத்துக்கு நூல் மொட்டையாகிவிட்டது.

அப்போது அப்பத்தா வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கண்ணில் புரை, மறு கண்ணில் பார்வை மங்கல். ஆனாலும் கிழிந்த வலையைக் கொண்டுவந்து போட்டால் பொழுது சாய்ந்த பிறகும் உட்கார்ந்து முடித்துவிடுவார். வலை பொத்துவதைப் பார்த்தறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிழிந்த இடத்தை அப்படியே இழுத்துக் கட்டிவிட முடியாது. முதலில் ஓட்டையின் ஓரத்தை ஒழுங்காக நறுக்க வேண்டும். நறுக்கிய ஓரத்தில் எல்லா முடிச்சுகளிலிருந்தும் இரண்டிரண்டு இழை கிளம்பும்படி விட்டு, தொடங்கும் இடத்தில் ஒன்றும் முடிக்கும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு முடிச்சில் மட்டும் மூன்று இழை நிற்கும்படி பார்த்துக்கொண்டால், வலை ஊசி அங்கே தொடங்கி, ஒரு கண்ணும் குறையாமல், மிகாமல், இங்கே வந்து முடியும். இதை அப்பத்தா விரலாலேயே செய்வார். பார்வை வலைமேல் இருக்காது, தெருவில் இருக்கும்.

நான் நூலோடு போராடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் தொப்பியை வாங்கித் தடவிப் பார்த்தார். “நூலத் தேடாத தாயி. கண்ணத் தேடு. நூலு தன்னால வரும்” என்றார்.

வலைக்காரர்கள் கண் என்பது ஓட்டையை, நூலை அல்ல. வலையை அளப்பதும், வலைக்குப் பெயர் வைப்பதும், எந்த மீன் தப்பும் எது மாட்டும் என்று கணிப்பதும் அந்த ஓட்டையை வைத்துத்தான். என் தொப்பியில் ஓட்டையே இல்லாதபடி நெருக்கிப் பின்னியிருந்தேன். அதனால் விரலுக்குப் பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை.

அன்றிரவு 8 மில்லிமீட்டர் ஊசியை எடுத்தேன். உயரமான கண்ணியாகிய டபுள் குரோஷாவுக்கு மாறினேன். (அமெரிக்க முறையில் டபுள் குரோஷா எனப்படுவது பிரிட்டிஷ் முறையில் டிரெபிள் எனப்படும், அமெரிக்கர்களின் சிங்கிள் பிரிட்டிஷாருக்கு டபுள். நம் ஊரில் இரண்டு முறையிலும் அச்சான பின்னல் குறிப்புகள் கலந்து கிடக்கின்றன என்பதால், எந்த முறை என்று பார்க்காமல் தொடங்குவது ஆபத்து. நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க முறை.) கண்ணியின் தலையில் ஊசியை விடுவதை அடியோடு நிறுத்திவிட்டு, ஒரு கண்ணியின் தண்டுக்கும் அடுத்த கண்ணியின் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் விட்டேன். உயரமான கண்ணிகளுக்கு நடுவில் அந்த இடைவெளி சுண்டுவிரல் நுனி பதியும் அளவுக்கு இருக்கிறது. எத்தனை சுருள் மூடியிருந்தாலும் விரலுக்கு அது தெரிகிறது. ஒரு சுற்றில் எத்தனை கண்ணியோ அத்தனை இடைவெளி என்பதால் கணக்கும் மாறுவதில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுருள் நூலில் இடையில் சரிபார்க்க வழி குறைவு. முன்கூட்டியே எண் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் தலைச்சுற்றளவு 56 செ.மீ. என்றால், குல்லா பிடித்து நிற்க 4 செ.மீ. குறைத்து 52 என்று வைத்துக்கொள்ளலாம். அதை 3.14 ஆல் வகுத்தால் சுமார் 16.5 செ.மீ. வருகிறது. உச்சி வட்டம் அந்த விட்டம் வரும் வரை மட்டுமே கண்ணிகளைக் கூட்ட வேண்டும். டபுள் குரோஷாவில் முதல் சுற்று 12, இரண்டாவது 24, மூன்றாவது 36, நான்காவது 48 என்று ஒவ்வொரு சுற்றிலும் 12 கூடும். என் கைக்கும் அந்தப் பருமனான நூலுக்கும் நான்கு சுற்றில் விட்டம் சரியாக வந்தது. அதன்பின் கூட்டாமல், சுற்றுக்கு 48 என்று ஐந்து சுற்று இறக்கினால் காதுக்கு மேல் வந்து நிற்கும். சுற்றுத் தொடங்கும் இடத்தில் ஓர் ஊக்கை மாட்டி வைப்பேன். பளபளக்கும் அடையாள வளையங்கள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் அவை சுருளுக்குள் புதைந்துபோகின்றன. ஊக்கு விரலில் இடறும்.

நூலில் இத்தனை வேலைப்பாடு இருக்கும்போது கண்ணியில் வேலைப்பாடு செய்வது வீண் என்பதையும் அந்தக் குல்லாதான் கற்றுக்கொடுத்தது. பூ, இலை, முறுக்குச் சடை எதையும் சுருள் நூல் வெளியே காட்டாது. நூலைத் தின்றுவிட்டுக் கனத்தை மட்டும் கூட்டும். அதனால்தான் இப்படிப்பட்ட நூல்களுக்கு மிக எளிய கண்ணியையே தேர்ந்தெடுக்கிறேன். கீழக்கரை உம்மாவின் தொப்பியில் நூல் அடங்கியிருந்தது, கண்ணி அழகாயிருந்தது. இங்கே கண்ணி அடங்க வேண்டும்.

ரோம நூலில் நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. கண்ணிமை நூல் என்றும் சிலர் சொல்லும் அதில், மெல்லிய ஒரு தாங்கு இழையிலிருந்து பக்கவாட்டில் ரோமம் ரோமமாக நீட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் மகள் பிறந்தபோது இளஞ்சிவப்பு ரோம நூலில் அவளுக்கு ஒரு தொப்பி பின்னினேன். பிறந்த குழந்தையின் தலைச்சுற்று 35 செ.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. எல்லோரும் புகைப்படம் எடுத்தார்கள். மறுநாள் குழந்தையின் உதட்டோரத்தில் எச்சிலோடு ஒட்டிக்கிடந்த இளஞ்சிவப்பு இழை ஒன்றை அண்ணி எடுத்துக் காட்டினாள். கோபப்படவில்லை, காட்டினாள், அவ்வளவுதான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உதிரக்கூடிய எந்த நூலையும் அதன்பிறகு குழந்தைகளுக்காகத் தொட்டதில்லை. பச்சைக் குழந்தைக்கு வழுவழுப்பான மென்பருத்தி நூல், அதுவும் வெளியே காற்றில் கொண்டுபோகும்போது மட்டும். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி வேண்டாம், உடம்புச் சூடு கூடிவிடும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அது இன்னும் முக்கியம்.

பெரியவர்களுக்கு ரோம நூலில் பின்னலாம். அப்போது தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ரோமம் எப்போதும் பின்பக்கமாகத் தள்ளப்படும். இரண்டு ஊசிப் பின்னலில் நிட் எனப்படும் முன்பக்கம் சற்றே வழுக்கையாகவும் பர்ல் எனப்படும் பின்பக்கம் அடர்த்தியாகவும் இருக்கும். குரோஷாவிலும் நமக்கு எதிரே இருக்கும் பக்கத்தைவிட உட்புறத்தில்தான் ரோமம் கூடுதலாகச் சேரும். எனவே முடித்ததும் தொப்பியை உள்ளும் புறமுமாகத் திருப்பிவிட வேண்டும். கண்ணிக்குள் சிக்கிய ரோமத்தை அகலப் பல் சீப்பால் மெதுவாக வாரி எடுத்தால் இன்னும் நிறையும். தாங்கு இழை மிக மெலிதென்பதால், அதே நிறத்தில் சாதா நூல் ஒன்றைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் தொப்பி தொய்யாமல் நிற்கும்.

ஷெனில் நூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஷெனில் என்றால் பிரெஞ்சு மொழியில் கம்பளிப்பூச்சி. அவர்கள் பூச்சியைப் பார்த்து நூலுக்குப் பெயர் வைத்தார்கள். நாம் கம்பளியைப் பார்த்துப் பூச்சிக்குப் பெயர் வைத்தோம். இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே தொடுவுணர்வு தோன்றியிருக்கிறது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும். குட்டையான இழைத்துண்டுகளை இரண்டு மைய இழைகளுக்கு நடுவில் நெருக்கமாகக் கொடுத்து முறுக்கினால், துண்டுகள் நாலாபுறமும் விரிந்து வெல்வெட் போல நிற்கும். அதுதான் ஷெனில். மதுரையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுவந்த எங்கள் அத்தைக்கு முடியெல்லாம் கொட்டிய பிறகு, கடையில் வாங்கிய தொப்பிகளின் உட்தையல் தலையை உறுத்தியது. தலையணையில் தலை வைப்பதற்கே கூசிய அந்த வாரங்களில் எந்த நூல் தாங்கும் என்று, ஒவ்வொன்றையும் என் கன்னத்திலும் முழங்கையின் உட்பக்கத்திலும் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கம்பளி குத்தியது. ரோமம் கூசியது. ஷெனில் மட்டும் இருப்பதே தெரியாமல் இருந்தது.

ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. தளர்வாகப் பின்னினால், பயன்படுத்தப் பயன்படுத்தக் கண்ணியிலிருந்து நூல் தானாக முறுக்கேறிப் புழுப்போல வெளியே எழும்பி நிற்கும். எனவே சுருள் நூலுக்குச் செய்ததற்கு நேர்மாறாக, இதற்கு ஊசியைச் சிறிதாக்கி இறுக்கமாகவே பின்ன வேண்டும். அப்போது விரலுக்கு இடைவெளி குறைந்துபோகும். மெதுவாகத்தான் போக முடியும். இரண்டாவது குறை, வெட்டிய நுனி. வெட்டிய இடத்திலிருந்து இழைத்துண்டுகள் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும். நான் நுனியில் மூன்று செ.மீ. அளவுக்கு வெல்வெட்டை நகத்தால் உருவி எடுத்துவிட்டு, மிஞ்சும் மைய இழைகளில் முடிச்சிட்டு, அந்த முடிச்சைத் தொப்பியின் வெளிப்பக்கத்தில் இழைகளுக்குள் மறைத்தேன். உள்ளே மறைப்பதுதான் வழக்கம். அத்தையின் தலைக்கு அந்தச் சிறு முடிச்சும் உறுத்தும் என்பதால் வெளியே. அத்தை அதை ஏழு மாதம் அணிந்திருந்தார். முடி வளர்ந்த பிறகும் அலமாரியில் மடித்து வைத்திருக்கிறார்.

தடித்தும் மெலிந்தும் வரும் நூல், நாடா நூல், திருப்பூர் பனியன் துணிக்கழிவிலிருந்து வெட்டிச் சுற்றிய நூல் ஆகியவற்றிலும் பின்னியிருக்கிறேன். முதலாவது, தடித்த பகுதிகள் ஒரே பக்கம் சேராமல் கவனித்துக்கொண்டால் அழகாக வரும். மற்ற இரண்டும் பைக்கும் மிதியடிக்கும் ஏற்றவை, தலைக்குக் கனம்.

எந்த நூலாக இருந்தாலும் ஓரப்பட்டியை மட்டும் நான் சாதா நூலில்தான் பின்னுகிறேன். தலையைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டிதான். அதற்கு இழுபட்டுத் திரும்பும் தன்மை வேண்டும். சுருளோ ஷெனிலோ ஒரு முறை விரிந்தால் சுருங்கி வராது. எனவே உடலைக் குரோஷாவில் முடித்தபின், அதன் விளிம்பிலிருந்து கண்ணிகளை வட்ட ஊசிக்கு எடுத்து, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றி நான்கு விரற்கடை பின்னுகிறேன். குரோஷாவும் நிட்டிங்கும் தெரிந்தவர்கள் இரண்டையும் ஒரே குல்லாவில் சேர்க்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கே உரிய நூல் ஒன்றையும் முயன்று பார்த்தேன். வலைக்கடையில் விற்கும் நைலான் நூல், 210 டெனியர் இழைகளைச் சேர்த்து முறுக்கியது. டெனியர் என்பது 9000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கு. பழைய வலையைப் பிரித்து நூல் எடுக்கலாமே என்று கேட்பார்கள், முடியாது. வலையில் ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் முடிச்சு இறுகியிருக்கிறது, நீளமான நூலே கிடைக்காது. புதுக்கண்டு வாங்கி, 3 மில்லிமீட்டர் ஊசியில், பாசி எடுக்கப் போகும் உறவுக்காரப் பெரியம்மாவுக்காக விளிம்பு வைத்த வெயில் தொப்பி ஒன்றைப் பின்னினேன். அகர் என்னும் கூழ்ப்பொருளுக்கான மரிக்கொழுந்துப் பாசியை எடுத்துவந்து கரையில் காயப்போடும் நேரத்துக்கு அது உதவும் என்று நினைத்தேன். நூல் வழுக்கியது, விரலை அறுத்தது, நுனிகளை மெழுகுவத்தியில் காட்டி உருக்கி ஒட்ட வேண்டியிருந்தது. தொப்பி விறைப்பாக நின்றது, உதறினால் தண்ணீர் போனது. ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “நல்லாத்தான் இருக்கு தாயி, ஆனா காதுகிட்ட அறுக்குது” என்றார். அவர் பழையபடி துண்டையே கட்டிக்கொண்டார். உருக்கிய நுனிகள்தான் அறுத்திருக்கின்றன. பனங்குருத்தோலையை ஈரத்தோடு கிழித்தும் பின்னிப் பார்த்தேன். துண்டுகள் நீளம் போதாமல், ஒவ்வோர் இணைப்பிலும் முறிந்தது. ஓலை முடைவதற்குப் பிறந்தது, வளையமாகச் சுழல்வதற்கு அல்ல. தெருக்கோடியில் முடைகிறவர்களின் தொப்பியே அதற்கு நிறைவான வடிவம்.

உப்புக்காற்றில் இவற்றைப் பாதுகாப்பதும் ஒரு வேலை. உப்பு படிந்த நூல் மறுபடி மறுபடி ஈரத்தை இழுக்கும். சித்தப்பாவின் குல்லாவை வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி, தலையளவுக்கு ஊதிய பலூன்மேல் மாட்டி நிழலில் காயவைக்கிறேன். கொடியில் தொங்கவிட்டால் நீர்க்கனத்தில் நீண்டுவிடும். அக்ரிலிக் கலந்த எதையும் இஸ்திரிப்பெட்டி பக்கம் கொண்டுபோவதில்லை.

அவருக்குக் கொடுத்த முதல் குல்லா அந்தச் சாம்பல் நிறச் சுருள் நூல்தான். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது என்பதைப் படித்திருந்தேன். அவர் படிக்கவில்லை, முதல் இரவிலேயே கண்டுபிடித்துவிட்டார். சுருள்களுக்கு நடுவே நிற்கும் காற்று வாடையைத் தடுக்கிறது என்றும், அலை தெறித்தாலும் மண்டைக்கு உடனே இறங்கவில்லை என்றும், ஊரறியச் சொன்னார். போன வாரம் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். வலை இழுக்கும்போது கயிறு உரசி வலப்பக்கச் சுருள்கள் தேய்ந்துவிட்டன. புதிதாக ஒன்று வேண்டும், பட்டியை இரண்டு விரற்கடை கூட்டி வை, காதுமடல் முழுவதும் மூட வேண்டும் என்றார். மைத்துனியிடம் சொல்லி அதே நூலில் கருநீலம் வரவழைத்தேன். நேற்று இரவு மின்சாரம் போன நேரத்தில் மூன்றாவது சுற்றை முடித்து, அப்பத்தாவின் மடியில் கொடுத்து எண்ணச் சொன்னேன். கட்டைவிரலால் ஒவ்வொரு கண்ணாக அழுத்திக்கொண்டே ஊக்கு வரை வந்து, முப்பத்தாறு என்றார்.